புது மவுண்டன் பைக்கை முதல்முறையாக மலைப்பாதைக்குக் கொண்டுபோகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் காற்றைக் குறையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இதுவரை தார்ச்சாலையில் மட்டுமே சைக்கிள் ஓட்டியிருப்பதாகவும், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி வாங்கியிருப்பதாகவும், வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலைப்பாதையில் ஓட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஏறக்குறைய இதே நிலையில்தான் கிளம்பினேன். அதனால் நான் பட்டதையே சொல்கிறேன்.

என்னுடையது 29 அங்குலச் சக்கரம், ட்யூப் போட்ட டயர். டயரின் பக்கவாட்டில் போட்டிருந்த அதிகபட்ச அளவைப் பார்த்து 50 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு போனேன். காற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு லேசாக உருளும் என்பது சாலையில் வந்த பழக்கம். கல்லும் வேரும் கிடக்கும் பாதையில் அந்தக் கணக்கு எடுபடாது. டயர் கல்லின் மேல் அமுங்கிக் கொடுக்காமல் துள்ளிக்கொண்டே இருந்தது. துள்ளுகிற சக்கரம் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை, ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை. ஈரமான வேர் ஒன்றில் முன்சக்கரம் வழுக்கி, அரை மணி நேரத்துக்குள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். கூட வந்த நண்பர் டயரை அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வால்வைத் திறந்து புஸ்ஸென்று காற்றை விட்டார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். ஆனால் அடுத்த ஏற்றத்திலேயே பின்சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடித்து ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆசை அதிகமாகிவிட்டது. குறைத்ததில் இவ்வளவு சுகம் என்றால் இன்னும் குறைத்தால்? 20 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். கூரான விளிம்புள்ள கல் ஒன்றில் மோதியபோது ட்யூப், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கியது. கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை. என் எடை 70 கிலோ. இப்போது முன்னால் 26 பிஎஸ்ஐ, பின்னால் 29 பிஎஸ்ஐ வைக்கிறேன். பின்சக்கரத்தில் பாரம் கூடுதல், அதனால் அங்கே கொஞ்சம் அதிகம். உங்கள் எடைக்கும் டயரின் அகலத்துக்கும் ஏற்ப இது மாறும். ட்யூப் இல்லாத டயர் என்றால் இன்னும் இறக்கலாம்.

அடுத்தது பிரேக். புது டிஸ்க் பிரேக் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. பேடில் (பிடிக்கிற கட்டையில்) உள்ள பொருள் ரோட்டரின் (சக்கரத்தோடு சுற்றும் உலோகத் தட்டின்) மேல் மெல்லிய படலமாக ஒட்டிய பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அதை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். சமதளத்தில் ஓரளவு வேகமாகப் போய், நடக்கிற வேகத்துக்கு வரும்வரை சீராகப் பிடியுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம், சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடாது. முன் பிரேக்குக்கு ஒரு இருபது தடவை, பின் பிரேக்குக்கு ஒரு இருபது தடவை. ரோட்டரை விரலால் தொடாதீர்கள்; கைப் பிசுக்கு பட்டாலே கிறீச்சிடும். செயினுக்கு எண்ணெய் போடும்போதும் அந்தப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

(இந்த விளையாட்டு வளர்ந்ததே பிரேக் தொல்லையோடுதான். 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சிலர் பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர்.)

இறக்கத்தில் உட்கார்ந்தபடி வராதீர்கள். சீட்டை இறக்கிவிட்டு, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்கட்டும். பிரேக்குக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்ற விரல்களின் வேலை ஹேண்டிலைப் பிடிப்பது. "உடம்பை நன்றாகப் பின்னால் தள்ளு" என்று பலர் சொல்வார்கள். அதை அளவுக்கு மீறிச் செய்தால் முன்சக்கரம் லேசாகி, திருப்பினால் திரும்பாது. என் வழக்கம், எடை கையில் இல்லாமல் பாதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. கண் முன்சக்கரத்தில் இருக்க வேண்டாம், நாலைந்து வண்டி நீளம் தள்ளிப் பாருங்கள். பயமாக இருக்கிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.

கியர் முதல் நாள் நன்றாக மாறி, இரண்டாம் நாள் டக் டக்கென்று தாவலாம். புது கேபிள் உறைக்குள் படிந்து லேசாகத் தளர்வதுதான் காரணம். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்புங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடுங்கள்.

ஹெல்மெட், மாற்று ட்யூப், பம்ப், ஆலன் கீ, தண்ணீர் ஆகியவை கையில் இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஹேண்டில், சீட், கிராங்க் (பெடல் பொருந்தியிருக்கும் கை), பெடல் எல்லாவற்றின் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது வண்டியில் ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசை. அது தெரியாமல், இறுக்குவதாக நினைத்து நான் கால் மணி நேரம் அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.