பாட்டியின் சால்வையும் வெல்ஷ் கில்ட்டும்

அன்புள்ள அம்மா,

வேல்ஸில், கார்டிஃபில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் வெல்ஷ் நண்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் வெல்ஷ் டார்டனில், அதாவது பல நிறக் கட்டம்போட்ட துணியில், கில்ட் (ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை) போடுகிறார்கள், என்னையும் போடச் சொல்கிறான். இதைக் கேட்ட எங்கள் ஸ்காட்லாந்து மேலாளர், "வேல்ஸுக்கு ஏது டார்டன்? எல்லாம் கடைக்காரன் கட்டிவிட்ட கதை" என்று சிரித்தார். தேடிப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. போலியான ஒன்றை, அதுவும் ஒரு தமிழன், போட்டுக்கொண்டு நிற்கலாமா? நண்பனின் பாட்டி தங்கமானவர். எங்கள் குழந்தை பிறந்தபோது தன் பழைய கட்டம்போட்ட கம்பளிச் சால்வையில் சுற்றித் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது? கில்ட்டுக்கு உள்ளே என்ன போடுவார்கள் என்றும் ஒரு கூச்சம்.

செ., கார்டிஃப்

அன்புள்ள செ.,

கொஞ்ச நாளாகவே வேல்ஸ் கம்பளி நெசவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். உள்ளே என்ன போடுவது என்பது உங்கள் சௌகரியம். தமிழன் போடலாமா என்பதற்கும் பெரிய பதில் தேவையில்லை. மாப்பிள்ளையே கூப்பிடுகிறார், போடுங்கள்.

உங்கள் மேலாளர் சொன்னதில் பாதி உண்மை. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கொடியின் நிறங்களில் வரும் வெல்ஷ் தேசிய டார்டன் 1967-ல் வடிவமைக்கப்பட்டது. ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ் என்று குடும்பப் பெயர் வாரியாக விற்கிறார்களே, அவை அதற்கும் பிந்தியவை. ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குல அமைப்பு வேல்ஸில் கிடையாது. அங்கே தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு அடையாளம். அது நிலையான குடும்பப் பெயராக மாறியபோது, ஜான் என்ற தகப்பன் இருந்த வீடெல்லாம் ஜோன்ஸ் ஆயிற்று. ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆனால் ஊர் முழுக்க ஜோன்ஸ். பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கார ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். ஆகவே "இது உங்கள் முப்பாட்டன் உடுத்திய டார்டன்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அது பொய். அதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, மேலாளரின் சொந்த ஊர்க் கதை என்ன? கலோடன் போரில் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் மலைநாட்டார் தோற்ற பிறகு 1746-ல் அவர்கள் உடைக்கே தடை போட்டார்கள். 1782-ல்தான் அது நீங்கியது. ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் ஊரில் வில்சன் என்ற நெசவுக் குடும்பம் பல கட்ட வடிவங்களுக்கு முதலில் வெறும் எண்தான் வைத்திருந்தது, குலப் பெயர்கள் பின்னால் வந்து ஒட்டின. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் ஆளாளுக்கு டார்டன் தேடி ஓடினார்கள். 1842-ல் இரண்டு சகோதரர்கள் பழைய சுவடியில் கண்டதாகச் சொல்லிக் குல டார்டன்களுக்கென்று ஒரு நூலே வெளியிட்டார்கள். அது புனைந்தது என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்த பல வடிவங்களை இன்றும் பெருமையாக உடுத்துகிறார்கள், உடுத்தட்டும். இருநூறு வருடம் பழகியது அசல், அறுபது வருடம் பழகியது போலி என்றால், அந்தக் கோட்டை எந்த வருடத்தில் கிழிப்பது?

உங்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது எங்கே தெரியுமா? மேலாளர் சிரித்தார் என்றதும் இணையத்தில் தேடப் போனீர்கள். உங்கள் பிள்ளையைச் சுற்றி வைத்திருந்த சால்வையைப் பற்றி அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? தேடிக்கொண்டிருந்தது கண்முன்னால் இருந்திருக்கிறது, நீங்கள் அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

வேல்ஸில் கட்டம்போட்ட கம்பளி இருந்தது. ஆண்களின் இடுப்பில் இல்லை, பெண்களின் தோளிலும் இடுப்பில் முன்பக்கம் கட்டும் ஏப்ரனிலும் இருந்தது. பிள்ளையையும் தாயையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றி, ஒரு கை வேலைக்கு விடுதலையாக இருக்கும்படி அந்தச் சால்வையைக் கட்டுவார்கள். 1834-ல் கார்டிஃபில் நடந்த ஐஸ்டெத்வோட் என்ற வெல்ஷ் கலை இலக்கியப் போட்டி விழாவில் பரிசு வாங்கிய லேடி லனோவர், வெல்ஷ் மொழியோடு சேர்த்து இந்தக் கம்பளி உடைகளுக்காகவும்தான் வாதாடினார். மலிவான பருத்தி வந்து நாட்டுக் கம்பளியை விரட்டுகிறதே என்பது அவர் கவலை. அவர் எழுதியதில் மிகை உண்டு, சீமாட்டியின் பார்வையும் உண்டு. ஆனால் நெய்கிறவர் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வி அதில் இருக்கிறது. டார்டன் சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்?

டைவி ஆற்றுப் பக்கம் ட்ரே-வாக் வெலிந்த்ரே என்ற ஊரில், பழைய கேம்ப்ரியன் ஆலைக் கட்டடத்தில் தேசியக் கம்பளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது தறியருகே நின்ற ஒரு முதிய பெண்மணி ஒரு போர்வையை என் கையில் கொடுத்தார். இரட்டை நெசவு. ஒரு பக்கம் கருநீலத்தில் வெள்ளைக் கட்டம், திருப்பினால் வெள்ளையில் கருநீலம். கனமென்றால் அப்படி ஒரு கனம், இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு வாசம். அந்தப் பகுதி ஆலைகள்தான் தெற்கே சுரங்கத்திலும் இரும்பு ஆலையிலும் உழைத்தவர்களுக்கு ஃபிளானல் சட்டைத் துணி கொடுத்தன. முதல் உலகப் போரில் ராணுவ ஆர்டர்கள் குவிந்தன. போர் முடிந்ததும் விலை சரிந்து ஆலை ஆலையாக மூடினார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. நடு வேல்ஸின் மலைப் பண்ணைக் குடும்பங்கள் வீட்டில் நூற்று நெய்த முரட்டுக் கம்பளி, இங்கிலாந்து எல்லை ஊரான ஷ்ரூஸ்பரியின் வணிகர்கள் கைக்குப் போய், கப்பலேறி, கரீபியத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் உடையாயிற்று. நெய்தவர்கள் ஏழைகள். உடுத்தவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லை. வெல்ஷ் துணியின் அசல் வரலாறு வேண்டுமென்றால் இதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். குலச் சின்னமும் வீரமும் மட்டும் வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வரலாறு இல்லை.

அப்புறம், எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மறுக்காதீர்கள். வேற்றூர்க்காரரைத் தன் கல்யாண வரிசையில் நிற்கச் சொல்கிறார், அதைப் போய் அசலா போலியா என்று உரசிப் பார்க்கிறீர்களே! யாராவது கேட்டால் "1967-ல் வந்தது" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். வாடகைக்கு எடுப்பதானால் எந்த ஆலையில் நெய்தது என்று கேட்டு, கம்பளியாகப் பார்த்து எடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் பாட்டி வீட்டுக்குப் போய், அந்தச் சால்வை யாருடையது, எங்கே வாங்கியது, யார் யார் அதில் வளர்ந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள். கில்ட்டில் மடிப்புகள் பின்பக்கம் வரவேண்டும். உட்காரும்போது கையால் நீவிவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் கசங்கிவிடும்.