புது போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் 100 மீட்டரில் சிதறுகிறது. பாரலை (குழலை) மாற்ற வேண்டுமா?

கேட்டவர் சொன்னது இதுதான்: கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் .308 ரைபிள், மர ஸ்டாக் (ரைபிளைத் தாங்கும் கட்டை), மேலே சாதாரண ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). மணல் மூட்டையில் வைத்துச் சுட்டும் 100 மீட்டரில் ஐந்து தோட்டா 10 செ.மீ. அகலத்துக்கு விழுகிறது. கிளப்பில் ஒருவர் பாரலையே மாற்றச் சொல்லிவிட்டார்.

வேண்டாம். இப்போதைக்கு பாரலைத் தொடாதீர்கள். கோலாலம்பூரில் பல வருடமாகக் கிளப்பில் சுட்டு வருகிறேன். சிதறுகிறது என்று கொண்டுவரப்பட்ட ரைபிள்களில் நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் ஸ்க்ரூ, ஸ்டாக், ஸ்கோப், தோட்டா இந்த நான்கில் ஒன்றில்தான் இருந்திருக்கிறது. நல்ல பாரலைக் கழற்றிவிட்டு, கோளாறை மட்டும் அப்படியே வைத்திருப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது.

இன்னொன்று. மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டா வைத்திருக்கவும் லைசன்ஸ் வேண்டும். அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் செய்வதுபோல ஏழெட்டு வகைத் தோட்டாவை வாங்கி வந்து, ஒரே மத்தியானத்தில் சுட்டுப் பார்த்து முடிவுக்கு வருவது நமக்குச் சரிப்படாது. அதனால் சுடாமல் கண்டுபிடிக்கக்கூடியதை எல்லாம் முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு. எம்ஓஏ என்பது குண்டுகள் பரவுவதை அளக்கும் கோண அலகு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ. உங்களுடையது மூன்றரை எம்ஓஏ அளவில் இருக்கிறது. சாதாரணத் தோட்டாவோடு கம்பெனி வேட்டை ரைபிள் ஒன்று 4 முதல் 6 செ.மீ.க்குள் போட்டாலே குறை சொல்ல மாட்டேன். '1 எம்ஓஏ உத்தரவாதம்' என்று அட்டையில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் மூன்று தோட்டா குரூப்புக்கு (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்), நல்ல தோட்டாவோடு. அதே ரைபிளில் ஐந்து சுட்டால் குரூப் சராசரியாகக் கால் பங்கு பெரிதாகத்தான் வரும். ஆனாலும் 10 செ.மீ. அதிகம்தான், சந்தேகமில்லை.

அப்புறம் அந்த டார்கெட் பேப்பரைத் தூக்கிப் போடாமல் உற்றுப் பாருங்கள். பாரல் சூடாக ஆக, குண்டுகள் மேல்கீழாகக் கோடு போட்டதுபோல ஏறினால் பாரல் எங்கோ ஸ்டாக்கில் உரசுகிறது. இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே நகர்கிறது. அது ஸ்கோப்பாக இருக்கலாம், ஆக்‌ஷன் ஸ்க்ரூவாக (கையால் முன்னும் பின்னும் தள்ளும் போல்ட் ஓடுகிற உலோகப் பகுதியான ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு இறுக்கும் திருகு) இருக்கலாம். எல்லாப் பக்கமும் பரவலாகச் சிதறினால் தோட்டாவையும் பாரல் வாய் ஓரத்தையும் பாருங்கள்.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது மர ஸ்டாக்கைத்தான். இங்கே காற்றில் ஈரம் வருடம் முழுக்க இருக்கிறது. மரம் அதைக் குடித்து உப்பும், ஏர்கான் அறையில் வைத்தால் மறுபடி சுருங்கும். தொழிற்சாலையில் பாரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்ட இடைவெளி இங்கே வந்தபின் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. சோதிப்பது சுலபம். தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு ஒன்றை பாரலுக்கு அடியில் நுழைத்து, ஆக்‌ஷன் பக்கமாக இழுத்து வாருங்கள். வழியில் சிக்கினால் அந்த இடத்தில் தொடுகிறது. நோட்டு தாராளமாகப் போனாலும், மணல் மூட்டை மேல் ரைபிளை அழுத்தி வைத்து இன்னொரு முறை இழுங்கள். மெலிந்த ஸ்டாக் அழுத்தத்தில் வளைந்து போய்த் தொடும். பிளாஸ்டிக் ஸ்டாக்கில் இது இன்னும் அதிகம். ஒரு எச்சரிக்கை: சில ரைபிள்களில் ஸ்டாக்கின் முன்நுனியில் பாரலைத் தாங்கும் மேடு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதை மணல் தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

அடுத்து ஆக்‌ஷன் ஸ்க்ரூ. ரைபிளைப் பின்கட்டையில் நிமிர்த்தி வைத்தால் ரீகாயில் லக் (சுடும்போது வரும் உதையை ஸ்டாக்கில் தாங்கும் மேடு) பின்னால் போய்ச் சரியாக உட்காரும். ஒரு விரலைப் பாரலும் ஸ்டாக் நுனியும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். பாரல் மேலே எழும்புவது விரலுக்குத் தெரிந்தால், ஆக்‌ஷன் வளைந்த நிலையில் இறுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு பெட்டிங் வேலை (ஆக்‌ஷன் ஸ்டாக்கில் சரியாகப் படிந்து உட்காரச் செய்வது) தேவை. எழும்பவில்லை என்றால் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) திரும்ப இறுக்குங்கள். மர ஸ்டாக்குக்கு பெரும்பாலும் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர், அலுமினிய பெட்டிங் உள்ளதற்கு 7 அளவில். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கை மதிப்பில் இறுக்குவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

ஸ்கோப்பில் எல்லாரும் அதைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் ஸ்க்ரூவை மட்டும் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே ஒளிந்திருக்கும், ரிங்கை ரைபிளோடு சேர்க்கும் பேஸ் ஸ்க்ரூதான் அதிகம் தளர்வது. ஸ்கோப்பைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, பேஸை இறுக்கி, பிறகு ரிங்கை 2 நியூட்டன் மீட்டருக்குப் போடுங்கள். சந்தேகம் தீரவில்லையா, நன்றாகச் சுடுகிற நண்பர் ஒருவரின் ஸ்கோப்பைக் கடன் வாங்கி மாட்டிச் சுடுங்கள். ஒரே குரூப்பில் விடை தெரிந்துவிடும்.

சுத்தம் செய்யும்போது கம்பியைப் பின்பக்கமிருந்து விடுங்கள். முன்வாயிலிருந்து விட்டால் கிரவுன் (பாரல் வாய் ஓரம்) தேய்ந்துவிடும், அப்புறம் உண்மையாகவே பாரல் வேலை வரும். கிரவுனைச் சுற்றி ஒரு பஞ்சுக் குச்சியை ஓட்டினால், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். பாரலுக்குள் செம்பு படிந்திருந்தால் அதற்கான கரைசலைப் போட்டு எடுத்துவிட்டு, கடைசியில் எண்ணெய் பூசுங்கள். இந்த ஈரத்தில் வெறும் பாரல் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது.

இதையெல்லாம் முடித்தபின்தான் தோட்டா. .308க்கு 150 கிரெயினில் (குண்டின் எடை) ஒரு பெட்டி, 168 கிரெயினில் ஒரு பெட்டி போதும். பாரலுக்குள் குண்டைச் சுழற்றும் முறுக்குக் கோடு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றானாலும் 12க்கு ஒன்றானாலும் இரண்டையும் நிலையாக அனுப்பும். ஐந்து சுட்டு பாரலை ஆறவிட்டு அடுத்த ஐந்து. காலையில் சுடுங்கள், உச்சி வெயிலில் அனலாடி டார்கெட்டே மிதப்பதுபோலத் தெரியும். ஒரு குரூப்பை உங்களைவிட அனுபவமுள்ள ஒருவர் சுடட்டும். அவருக்கு மட்டும் நெருக்கமாக விழுந்தால் டிரிகர் பழக்கத்தைப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, எதை மாற்றினீர்கள் என்று டார்கெட் பேப்பரிலேயே தேதியோடு எழுதுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் அந்தப் பேப்பர்களோடு வாங்கிய கடைக்குப் போங்கள். இங்கே துப்பாக்கி பழுதுபார்க்கவும் லைசன்ஸ் வேண்டும் என்பதால் பெட்டிங், கிரவுன், பாரல் வேலைகளை அவர்கள் மூலமாகத்தான் செய்ய வேண்டும். எதையெல்லாம் பார்த்தாயிற்று என்பது கையில் எழுத்தில் இருந்தால், 'சுடுவது உங்கள் தப்பு' என்று சொல்லித் திருப்பி அனுப்புவது கடைக்காரருக்குச் சுலபமாக இருக்காது.