மடக்கு மிதிவண்டியைப் பேருந்தில் ஏற்ற அனுமதி ஒட்டுவில்லை வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் வசிக்கிறேன். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்திற்கும், இறங்கும் இடத்திலிருந்து வேலையிடத்திற்கும் நடக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக, இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் 20 அங்குலச் சக்கர மடக்கு மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். "நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி பெற்ற வண்டி, பேருந்தில் தாராளமாக ஏற்றலாம்" என்று சொல்லித்தான் விற்றார். காலையில் ஓட்டுநர் ஒருவர் ஏற்ற மறுத்தார். மாலையில் அதே தடத்தில் வேறொருவர் ஒன்றும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டார். விற்றவரிடம் கேட்டதற்கு, 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் அனுமதி ஒட்டுவில்லை வாங்கித் தருவதாகக் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படி ஓர் ஒட்டுவில்லை கிடையாது. பெடலை மிதித்து மட்டுமே ஓட்டுகிற மடக்கு மிதிவண்டிக்குச் சிங்கப்பூரில் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை, பேருந்தில் ஏற்றுவதற்கென்று தனி முத்திரையும் இல்லை. அதை ஏற்றுவதற்குக் கூடுதல் கட்டணமும் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் முக்கியமாக வகுத்திருப்பது மடித்த நிலையில் வண்டியின் அளவைத்தான்: நீளம் 120 செ.மீ., உயரம் 70 செ.மீ., அகலம் 40 செ.மீ. என்ற வரம்புக்குள் அது அடங்க வேண்டும். எனவே "அனுமதி பெற்ற வண்டி" என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும், அவர் அறியாமல் சொல்கிறார் அல்லது அறிந்தே ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரையும் பதிவு எண் பலகையும் மின்சார உதவியுடன் ஓடும் மிதிவண்டிகளுக்கு உரியவை. அவை அந்த வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்காக ஏற்பட்டவை. இந்த இரு வகை வண்டிகளையும் குழப்பிவிட்டுக் காசு பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

முன்பு நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டுமே மடக்கு மிதிவண்டியைப் பொதுப் போக்குவரத்தில் கொண்டுசெல்ல முடிந்தது. 2016 டிசம்பர் 1 முதல் 2017 மே 31 வரை நாள் முழுவதும் அனுமதிக்கும் சோதனைத் திட்டம் நடந்தது. பிறகு அதுவே நிலையான நடைமுறை ஆயிற்று. ஆகவே காலை நேரம் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி யாரும் உங்களைத் தடுக்க இயலாது. பேருந்து நிரம்பியிருக்கிறது அல்லது பாதுகாப்பில்லை என்று ஓட்டுநர் கருதினால் தடுக்கலாம். காலையில் மறுத்தவரும் மாலையில் ஏற்றியவரும் ஒரே விதியைப் பின்பற்றியிருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். ஆணையம் மூன்று அளவுகளைத் துல்லியமாகக் கொடுத்துவிட்டு, இறுதி முடிவை ஓட்டுநரின் தலையில் கட்டினால், நிறுத்தத்தில் நிற்கும் அந்தச் சில நொடிகளில் அவர் என்ன அளவுநாடாவை எடுத்தா அளப்பார்? பெரிதாகத் தெரிகிறது என்றால் வேண்டாம் என்பார், அவ்வளவுதான். பத்து ஆண்டுக்கு மேல் விருந்தினர் போலவே நடத்தப்படும் இந்த வண்டிக்குப் பேருந்துகளில் பொதுவாக ஒரு கொக்கியோ பட்டையோ இல்லாதது ஏன் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். 20 அங்குலச் சக்கரம் என்று சொல்லப்படுவது டயரோடு சேர்த்து ஏறத்தாழ 50 செ.மீ. குறுக்களவு உடையது. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை மடித்தால் 80 செ.மீ. நீளத்தை ஒட்டி நிற்கும் என்பதால் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இடறுவது உயரமும் அகலமும்தான். பெயர்பெற்ற நிறுவனங்களின் 20 அங்குல வண்டிகளிலேயே மடித்த உயரம் 72 செ.மீ. என்று குறிக்கப்பட்டவை உண்டு. ஏட்டின்படி பார்த்தால் அவை வரம்பைத் தாண்டியவை. 16 அங்குலச் சக்கரம் கொண்ட பிராம்ப்டன் போன்ற வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவற்றின் விலை வேறு. 24 அங்குலச் சக்கர வண்டியைப் பேருந்துக்கென்று வாங்க நினைத்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

அகலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரங்களில் அதிகம் மறைக்கப்படுவது அதுதான். இரண்டு சக்கரங்களும் பக்கம் பக்கமாக மடிந்து நிற்கும்போது பின்சக்கரத்தின் அச்சு மட்டுமே 13 செ.மீ. அளவில் இடம் பிடிக்கிறது. அதனுடன் முன்சக்கரம், கியர் மாற்றும் கருவி, தொங்கும் கைப்பிடி ஆகியவை சேரும்போது 35 செ.மீ. எளிதில் வந்துவிடும். இதற்கு மேல் ஒரு பெடல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 40 என்ற வரம்பு உடைந்துவிடும். தயாரிப்பாளர் தரும் அளவு பெடல்களை மடக்கி, இருக்கையை முழுவதும் இறக்கி, பின்புறச் சாமான் தாங்கியும் தாங்குகாலும் இல்லாமல் எடுக்கப்பட்டது. உங்களுக்கு விற்றவரோ தாங்கியையும் தாங்குகாலையும் "இலவசமாக"ப் பொருத்தித் தந்துவிட்டு, பழைய அளவையே ஒப்பித்திருப்பார். எனவே இன்று மாலையே வண்டியை மடித்து, சுவரோடு ஒட்டி நிறுத்தி, எந்தப் பக்கம் எது அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த முனையிலிருந்து சுவர் வரை அளந்து பாருங்கள். வரம்பைத் தாண்டினால் முதலில் தாங்கியையும் தாங்குகாலையும் கழற்றுங்கள். அடுத்து, பெடல்கள் மடங்காத வகையாக இருந்தால் மடங்கும் பெடல்களையோ கையால் கழற்றக்கூடிய பெடல்களையோ மாற்றிக்கொள்ளுங்கள், 15 மி.மீ. திருகுசாவி ஒன்று போதும், கடைக்குப் போகத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டது. வழக்கமான திசையில் பலமாகத் திருகினால் அது மேலும் இறுகும், மரையும் கெடும். பிறகு பெடல் பொருந்தும் கிராங்க் கையையே மாற்ற நேரும்.

அளவு சரியாக இருந்தும் ஓட்டுநர்கள் முகம் சுளிப்பதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. பேருந்து திடீரென்று நிற்கும்போது மடித்த வண்டி தானாக விரிந்து யார் காலிலாவது விழுந்துவிடும் என்ற அச்சம்தான் அது, அதில் நியாயமும் இருக்கிறது. மலிவான வண்டிகளில் இரு பாதிகளையும் பிடித்துவைப்பது ஒரு சிறிய காந்தம் மட்டுமே. நாள்பட அது தளர்ந்துவிடும். ஒட்டும் பட்டை (வெல்க்ரோ) ஒன்றை வாங்கி இரு சக்கரங்களையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். சங்கிலி வெளிப்பக்கம் வரும்படி மடியும் வண்டி என்றால், அதன் மேல் ஒரு துணி உறையைப் போடுங்கள்; மழையில் நனைந்த சக்கரங்களுக்கும் அந்த உறை உதவும். நிறுத்தத்தில் பேருந்து வந்த பிறகு மடிக்கத் தொடங்காதீர்கள். மடித்து, கட்டி, கையில் தூக்கிக்கொண்டு நிற்பவரை ஓட்டுநர் ஒரு விதமாகவும், விரித்த வண்டியோடு ஓடிவருபவரை வேறு விதமாகவும் பார்ப்பார். மாடிப் பேருந்தில் மேல் தளத்திற்கும் படிக்கட்டுக்கும் கொண்டுபோகக்கூடாது. கீழ்த்தளத்தில் வசதியான இடம் சக்கரநாற்காலிக்கு உரியது. 2017 ஏப்ரல் முதல் குழந்தைகளின் தள்ளுவண்டியையும் விரித்தபடியே ஏற்றலாம் என்பதால் தள்ளுவண்டியோடு வருபவர்களும் அங்குதான் வருவார்கள். அந்த இடத்தில் உங்கள் முறை மூன்றாவது. யாராவது வந்தால் கேட்கும் முன்பே நகர்ந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. ஒட்டுவில்லை விற்க முன்வரும் இத்தகையவர்கள் அடுத்ததாக "மோட்டார் பொருத்தித் தருகிறேன், பெடல் மிதிக்க வேண்டாம், கைப்பிடியை முறுக்கினால் போதும்" என்பார்கள். இணங்காதீர்கள். மின்சார உதவி மிதிவண்டி என்று சட்டம் ஏற்பது, பெடல் மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணைசெய்யும் வண்டியைத்தான். முறுக்கினால் ஓடும் வண்டி அந்த வகையில் சேராது. ஏற்கப்பட்ட வகைக்கும் 20 கிலோ எடை, 250 வாட் திறன், மணிக்கு 25 கி.மீ. வேகம் என்ற வரம்புகள் உள்ளன. அதைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவர் தேர்வும் எழுத வேண்டும், நடைபாதையில் ஓட்டக்கூடாது. உங்கள் சாதாரண வண்டிக்குப் பதிவோ தேர்வோ தேவையில்லை. வேலை செய்யும் கைப்பிரேக் இருக்க வேண்டும், நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. 2025 ஜூலை 1 முதல், மிதிவண்டிப் பாதைக்கு அருகில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பாதையில் ஓட்டுவதும் தவறு.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அளந்து பார்த்து வரம்புக்கு மீறியிருந்தால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். விற்றவர் வணிகராக இருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டப் பாதுகாப்பு தனிநபர் விற்பனைக்குப் பொருந்தாது. எனினும் விற்றவர் யாராக இருந்தாலும், 2 ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கை மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. "பேருந்தில் ஏற்றலாம்" என்று அவர் எழுதிய விளம்பரத்தையும், 40 வெள்ளி கேட்ட குறுஞ்செய்தியையும் இப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் என்றதும் விளம்பரங்கள் காணாமற்போய்விடும்.