பாணி பழசு, குழல் புதுசு: வாசகர் கேள்வி – பதில்

அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கிய நீளத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. பக்கத் தகட்டில் கிரீடமும் 'டவர் 1856' என்றும் பொறித்திருக்கிறது. அசல் என்ஃபீல்டா (பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி), நகலா? லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகர், புரசைவாக்கம்

அசலா நகலா என்பது இருக்கட்டும்; உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழலின் வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். மருந்தைக் குழலுக்குள் இடித்துக் கெட்டிக்கும் கம்பியை மெல்ல உள்ளே விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். அதே கம்பியைக் குழலின் வெளிப்புறம் வைத்து ஒப்பிடுங்கள். கேப் (அடித்தால் பொறி விடும் சிறு உலோக மூடி) பொருத்தும் நிப்பிள் என்ற முனைக்கு ஓரிரு அங்குலம் முன்னாலேயே கம்பி நின்றிருந்தால், பழைய கெட்டிப்பு இன்னும் உள்ளே இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். நீங்களே தோண்டி எடுக்காதீர்கள். தொடாமல் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இனி அடையாளம். அசல் என்ஃபீல்டின் 1853 மாடலில் குழல் 39 அங்குலம், உள்விட்டம் 0.577 அங்குலம், உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் மூன்று முறுக்கு வரிகள். குழலின் அடிப்பகுதியில் கிரீடத்தின் கீழ் குறுக்கிட்ட செங்கோல்களாகச் சோதனை முத்திரை இருக்க வேண்டும். வரி இல்லை என்ற ஒன்றை வைத்து நகல் என்று முடிவு கட்டாதீர்கள்: 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே வரியில்லாத குழலோடு துப்பாக்கி செய்து கொடுத்தார்கள். நகலைக் காட்டிக்கொடுப்பவை வேறு. எழுத்து வெட்டப்படாமல் ஆசிட்டில் அரித்ததுபோல் மேலோட்டமாக இருக்கும், திருகாணி மெட்ரிக் அளவில் இருக்கும், குழலில் சோதனை முத்திரையே இருக்காது. 'வி.ஆர்.' முத்திரையோடு 1901-க்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம். விக்டோரியா ராணி இறந்தது அந்த ஆண்டு ஜனவரியில்.

லைசென்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவு, வழக்கொழிந்த மாதிரி, தொன்மை மதிப்புள்ளது, பழுதடைந்தது ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. ஆனால், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிப்பிள் மாற்றினால் சுடும் என்றால் வயது 170 ஆனாலும் இந்தப் பிரிவின் விலக்கு இல்லை. நேற்றுச் செய்த நகலுக்கோ தொன்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. பொருளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். படங்களும் ஒரு கடிதமும் போதும். ஒப்படைக்கச் சொன்னால், 21-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ வைக்கலாம். சென்னை மாநகருக்குள் லைசென்ஸ் தரும் அதிகாரி காவல் ஆணையர்.

பாளையக்காரர் காலத்துக் கதைக்கு 60 துப்பாக்கி வேண்டும். என்ஃபீல்டை மாதிரியாக வைத்து இரும்புக் குழாயில் செய்யலாமா?
– கலை இயக்கப் பிரிவு உதவியாளர், வடபழனி

இரண்டுமே தப்பு. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-இல். கேப் வைத்துச் சுடும் என்ஃபீல்ட் வந்தது 1853-இல். உங்களுக்கு வேண்டியது சக்கிமுக்கிக் கல் வைத்த 'பிரவுன் பெஸ்': குழல் 39 அங்குலம், வாய் விட்டம் 0.75 அங்குலம், எடை நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம். ஒரு முனை அடைத்த எஃகுக் குழாய், விசை, குதிரை (விசையை இழுத்தால் அடிக்கும் சுத்தி) எல்லாம் சேர்ந்தால் சோதனைக்கு வருபவர் கண்ணுக்கு அது நாட்டுத் துப்பாக்கி. நெருக்கக் காட்சிக்கு மட்டும் நாலைந்தை மரத்தில் செய்யுங்கள். குழலுக்குக் கட்டியான அலுமினியத் தண்டு, வாயில் இரண்டு அங்குலம் மட்டும் குடைந்து உள்ளே கறுப்பு பெயின்ட். கூட்டத்துக்கு ஃபைபர், விழுந்து புரளும் காட்சிக்கு ரப்பர்.

ஃபைபரில் வழக்கமாகக் கெடுவது வளைவு. சிலிகான் அச்சில் ஜெல் கோட் (மேற்பூச்சு ரெசின்), அதன்மேல் இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழைப் பாய்) போட்டு, நடுவில் 8 மி.மீ. கம்பி ஒன்றை முழு நீளத்துக்கும் வைக்காவிட்டால், வெயிலில் சாய்த்து வைத்த மதியமே வில்லாகிவிடும். சென்னை வெயிலுக்கு ரெசினில் ஹார்டனர் ஒரு சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கூடினால் சூடேறி விரிசல் விடும். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு முன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எண்ணிக்கையோடு எழுதிக் கொடுங்கள். புகைக்குக் கருமருந்து வேண்டுமென்றால் அது 2008 வெடிபொருள் விதிகளில் முதல் வகுப்பு. உரிமம் உள்ளவர் மட்டுமே கையாளலாம்.

வட இந்தியாவில் ஏற்றுமதிக்கென்று செய்யும் பழைய பாணித் துப்பாக்கியில் பற்றவைக்கும் துளை மட்டும் இருக்காதாமே. ஒன்று வாங்கி, அம்பத்தூர் லேத் பட்டறையில் துளை போட்டால்?
– வாசகர், வில்லிவாக்கம்

போட்ட நிமிஷம் குற்றம். போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்ற 6-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் வேண்டும். இல்லையென்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழாண்டு, கூடினால் ஆயுள் சிறை, பட்டறைக்காரரும் மாட்டுவார். சட்டத்தை விடுங்கள்: அந்தக் குழல் அழுத்தச் சோதனைக்குப் போனதே இல்லை. குழலின் பின்முனையை அடைக்கும் அடிமூடியின் மரை எத்தனை சுற்றுப் பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அது பிய்த்துக்கொண்டால் வருவது சுடுபவர் முகத்துக்கு நேராகத்தான்.

லைசென்ஸ் உள்ள அசல் என்ஃபீல்டில் குதிரை உடைந்துவிட்டது. இத்தாலிய நகலின் உதிரி பொருந்துமா?
– வாசகர், தாம்பரம்

அப்படியே பொருந்தும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். என்ஃபீல்ட் அரசு ஆலை அமெரிக்க இயந்திரங்கள் வைத்துச் செய்தவற்றில்தான் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறும். பர்மிங்ஹாம் பட்டறைகளில் கையால் அரம் போட்டுச் சேர்த்தவற்றில், அசலின் பாகமே இன்னொரு அசலுக்குச் சேராது. நகல்களில் பார்க்கர்-ஹேல் என்ற பிரிட்டிஷ் கம்பெனி செய்தவை பழைய அளவுமானிகளை வைத்துச் செய்தவை. அதனால் அசலுக்கு நெருக்கமானவை. குதிரையில் அளக்க வேண்டியவை மூன்று: சதுரத் துளையின் பக்க அளவு, சதுரம் திரும்பியிருக்கும் கோணம், அங்கிருந்து நிப்பிள் வரை நீளம். கோணம் தவறினால் குதிரை நிப்பிளின் ஓரத்தில் அடித்து அதையும் நசுக்கும். பழைய துளையில் மெட்ரிக் திருகாணியை முறுக்கி ஏற்றாதீர்கள்; விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60. உதிரி பாகமும் சட்டத்தின் வரையறையில் 'ஆயுதம்' என்பதால், வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கத்தில் நிற்கும். லைசென்ஸ் உள்ள பழுது பார்ப்பவரிடம் உடைந்ததைக் கொடுத்துப் வெல்டிங் வைத்துத் தேய்க்கச் சொல்வதே மலிவு.

.315 ரைஃபிள் பார்க்க .303 போலவே இருக்கிறதே, தோட்டா மாறுமா?
– வாசகர், பெரம்பூர்

மாறாது. .303 தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், அதே லீ-என்ஃபீல்ட் அமைப்பில் பொதுமக்களுக்காக அரசு ஆலை செய்ததுதான் .315. தோட்டாக் கூட்டின் நீளம் .303-க்கு 56 மி.மீ., .315-க்கு 50 மி.மீ.; குண்டின் தடிமனும் வேறு.