அமெரிக்க மாநிலங்களில் அட்டர்னி ஜெனரல் தேர்தல்: கேள்வி-பதில்

கே: தமிழ்நாட்டில் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். அமெரிக்காவில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலுக்கு எல்லா மாநிலங்களிலும் தேர்தலா?

ப: 43 மாநிலங்களில் மட்டும். அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஐந்திலும் ஆளுநர் நியமிக்கிறார். மெய்னில் சட்டமன்றம், டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றம். மிச்சிகனில் மக்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள், ஆனால் வேட்பாளர்களை முடிவு செய்வது கட்சி மாநாடு. அங்கே பிரைமரி (கட்சி வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) வாக்குச்சீட்டில் இந்தப் பதவியைத் தேட வேண்டாம்.

கே: என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. வாக்களிக்கலாமா?

ப: கூடவே கூடாது. வம்பு பெரும்பாலும் வாக்குச்சாவடியில் தொடங்குவதில்லை, ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் தொடங்குகிறது. உரிமப் படிவத்திலேயே வாக்காளர் பதிவும் இருக்கும். 'அமெரிக்கக் குடிமகனா?' என்ற கட்டத்தில் அவசரமாக டிக் அடித்துவிட்டால் பெயர் பட்டியலில் ஏறிவிடும். ஒருமுறைகூட ஓட்டுப் போடாவிட்டாலும், பொய்யாகக் குடியுரிமை கோரினீர்கள் என்று பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் இடிக்கும். நாடுகடத்தல் வரைகூடப் போகலாம். தெரியாமல் பதிவாகியிருந்தால், பெயரை நீக்கச் சொல்லி எழுதுவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

கே: தேர்தல் நாள் இரவில் ஜெயித்தவர் பிறகு தோற்பது எப்படி? மோசடியா?

ப: பெரும்பாலும் எண்ணி முடியாததுதான் காரணம். 2010இல் கலிஃபோர்னியாவில் அட்டர்னி ஜெனரல் வேட்பாளர் ஸ்டீவ் கூலி அன்றிரவே வெற்றியை அறிவித்தார். மூன்று வாரம் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். வென்றவர், சென்னையிலிருந்து சென்ற சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. தபால் ஓட்டில் ஒவ்வொரு உறையின் கையெழுத்தையும் பதிவோடு ஒப்பிட்ட பிறகே பிரிக்கிறார்கள், அதனால்தான் தாமதம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் உடனே பதில் போடுங்கள், இல்லையேல் ஓட்டு போச்சு.

மறு எண்ணிக்கையிலும் கணக்கு மாறும். வர்ஜினியாவில் 2013இல் மார்க் ஹெரிங்கின் 165 ஓட்டு முன்னிலை 907 ஆனது. அரிசோனாவில் 2022இல் கிரிஸ் மேயஸின் 511 ஓட்டு முன்னிலை 280 ஆகச் சுருங்கியது. பினால் கவுண்டியில் விடுபட்ட ஓட்டுகளே முக்கியக் காரணம். அரிசோனாவில் வித்தியாசம் 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் மறு எண்ணிக்கை தானாக நடக்கும். வர்ஜினியாவில் ஒரு சதவீதத்துக்குள் இருந்து, தோற்றவர் நீதிமன்றத்தில் கேட்டால்தான் நடக்கும். வாக்குச்சீட்டில் பெயரைச் சுற்றி வளையம் போடாதீர்கள். எந்திரம் படிக்காமல் விடுவது அப்படிப்பட்ட சீட்டுகளைத்தான். கட்டத்தை முழுக்கக் கறுப்பாக்குங்கள்.

கே: வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனர் மீது அட்டர்னி ஜெனரல் எனக்காக வழக்குப் போடுவாரா?

ப: மாட்டார், அவர் மாநிலத்தின் வக்கீல். புகார் கொடுத்து வையுங்கள், ஒரே ஆள் மீது பல புகார்கள் சேர்ந்தால் விசாரணை வரலாம். உங்கள் பணத்துக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) போங்கள்.