மாமனார் சாப்பிடும் சத்தம்

மாமனார் எங்களோடு வந்து தங்கியதிலிருந்து சாப்பாட்டு நேரம் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல மனிதர், என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் அவர் சப்புக்கொட்டி மெல்லும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். வாயில் கவளத்தோடு பேசுவார், உறிஞ்சிக் குடிப்பார். எனக்குத் தாடை இறுகி, நெஞ்சு படபடக்கும். எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். “உனக்கு அப்பாவைப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம்” என்கிறார் கணவர். சிறுமியாக இருந்தபோது அண்ணன் மெல்லும் சத்தத்துக்கும் எனக்கு இதே எரிச்சல்தான். ஆனால் என் சின்ன மகன் எவ்வளவு சத்தமாகச் சாப்பிட்டாலும் உறைப்பதே இல்லை. அப்படியானால் கணவர் சொல்வது சரிதானோ?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வெறுப்பு என்று உங்கள் கணவர் அவசரப்பட்டுவிட்டார். அண்ணன் விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. மெல்லுதல், உறிஞ்சுதல் போன்ற சில சத்தங்கள் மட்டும் சிலருக்குத் தாங்க முடியாத கோபத்தைக் கிளப்பும். பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்பருவத்தின் தொடக்கத்திலோதான் இது தலைகாட்டும். 2001இல் செவித்திறன் ஆய்வாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் இதற்கு மிசோஃபோனியா என்று பெயரிட்டார்கள். 2017இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும்போது உணர்ச்சிகளோடு தொடர்புடைய, மூளையின் இன்சுலா பகுதி மற்றவர்களைவிடத் தீவிரமாக இயங்குவதும், இதயத் துடிப்பு கூடுவதும் தெரிந்தது. நெஞ்சு படபடப்பது உங்கள் கற்பனையில்லை. உங்களுக்கு இருப்பது மிசோஃபோனியாதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட முடியாது, ஆனால் சாயல் நன்றாகவே தெரிகிறது.

மகனின் சத்தம் உறைக்காததும் இதில் வழக்கம்தான். குழந்தை என்றால் விட்டுவிடுகிறோம். ‘பெரியவருக்குத் தெரிய வேண்டாமா’ என்ற எண்ணம் சேரும்போது அதே சத்தம் குத்துகிறது. உங்கள் மனதில் மாமனார்மேல் வேறு வருத்தம் ஏதும் இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதைத் தனியாகப் பேசித் தீர்க்கவேண்டும். சாப்பாட்டின் தலையில் ஏற்றக்கூடாது.

இனி அவர் பக்கம். பல்செட் தளர்ந்திருந்தாலும் மூக்கடைப்பு இருந்தாலும் வாயை மூடி மெல்வது கஷ்டம். இதை யாரும் கவனிப்பதில்லை, ‘நாகரிகம் தெரியாதவர்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். பல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லிக் கணவரிடம் கேளுங்கள். அதில் யாருக்கும் அவமானமில்லை. வாயில் கவளத்தோடு பேசுவது பழக்கம். அதை அவர் மகனான உங்கள் கணவர்தான் தனிமையில், பதமாகச் சொல்லவேண்டும். மருமகள் வாயிலிருந்து, அதுவும் தட்டின்முன் வந்தால் அவர் சாப்பிடவே கூசிப்போவார்.

கணவரிடமும், “உங்கள் அப்பா இப்படிச் சாப்பிடுகிறார்” என்று தொடங்காதீர்கள். “சில சத்தங்கள் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒத்துக்கொள்ளாது, அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்” என்று தொடங்கினால் அவர் காதுகொடுப்பார்.

மின்விசிறியோ மெல்லிய இசையோ ஓடினால் சத்தம் கொஞ்சம் அமுங்கும். அவருக்கு நேரெதிரே உட்காராதீர்கள். மெல்லும் வாயைப் பார்ப்பதே சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டே நாளெல்லாம் இருப்பது மட்டும் வேண்டாம், போகப்போகச் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். எல்லா வேளையும் சேர்ந்துதான் உண்ணவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு வேளை சேர்ந்து, மற்ற வேளை அவரவர் வசதிப்படி என்று வெளிப்படையாக வைத்துக்கொண்டால், பொய்ச்சாக்கு சொல்லி ஒளிய வேண்டியிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சாப்பிடாமலே எழுந்துவிடுகிறீர்கள், அல்லது கோபம் கைமீறுகிறது என்றால் உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மெல்ல மாற்றப் பழக்கும் ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ என்ற பேச்சுவழிச் சிகிச்சை பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. முதல் சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள்.