டிஷ்வொஷரின் அடியில் தண்ணீர் தேங்குகிறதா? பம்ப் வாங்க முன் வாளியை எடுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மேல்தளத்தில் இருக்கிறோம். டிஷ்வொஷர் வாங்கி மூன்று வருடமாகிறது. இரண்டு கிழமையாக, கழுவி முடிந்த பிறகும் அடியில் மஞ்சள் தண்ணீர் நிற்கிறது. சில நாட்களில் பாதியிலேயே நின்று எரர் காட்டுகிறது. பில்டரைக் கழுவினால் இரண்டு நாள் ஓடிவிட்டு மறுபடியும் அதே கதை. வந்து பார்த்தவர் பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார். உப்பு தீர்ந்ததைக் காட்டும் விளக்கும் எரிகிறது. அதுவும் காரணமாக இருக்குமா?

பதில்: உப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம். பம்ப் மாற்ற முன் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் மெஷினுக்குள்ளே அடைபடுகிறதா, அல்லது வெளியே வந்த பிறகு சிங்கின் பைப்பில் அடைபடுகிறதா? எங்கே அடைபட்டாலும் எரர் ஒன்றுதான். பொஷ்ஷில் ஈ24, எல்ஜியில் ஓஈ, சாம்சங்கில் 5சி, எலெக்ட்ரோலக்ஸில் ஐ20 எல்லாம் சொல்வது ‘தண்ணீர் நேரத்துக்கு வெளியேறவில்லை’ என்பதை மட்டுமே. பம்ப் செத்துவிட்டது என்று அவை சொல்வதில்லை. பில்டரைக் கழுவியதும் இரண்டு நாள் ஓடியது என்றால் உங்கள் பம்ப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பில்டருக்குக் கீழே உள்ள குழியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் எப்போதும் நிற்கும். றப்பர் சீல்கள் காயாமல் இருக்க அது தேவை, அதை இறைக்க வேண்டாம். பில்டருக்கு மேலே ஏறி, மஞ்சளும் எண்ணெயுமாக நிற்பதுதான் கோளாறு.

வேலையைத் தொடங்க முன் பிளக்கைக் கழற்றுங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நிற்கும் தண்ணீரைக் கோப்பையாலும் ஸ்பொஞ்சாலும் எடுத்துவிடுங்கள். அதில் காரமான சோப்பு கலந்திருப்பதால் கையுறை நல்லது. பில்டரை இடப்பக்கம் திருகித் தூக்கினால் உருளை தனியாகவும் தட்டையான வலை தனியாகவும் வரும். இரண்டையும் பழைய டூத்பிரஷ்ஷால், சுடுதண்ணீரும் பாத்திரச் சோப்பும் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். எங்கள் குசினிகளில் வலையை அடைப்பது பெரிய துண்டுகள் அல்ல. தேங்காய்த் துருவல், சோற்றுக் கஞ்சி, தேயிலைத்தூள் மூன்றும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பில்டரைச் சரியாகப் பூட்டாமல் விட்டால் மீன் முள் நேராகப் பம்புக்குள் போய்விடும்.

இனி வாளிச் சோதனை. சிங்கின் அடியில், டிஷ்வொஷரின் வெளியேற்று ஹோஸ் பைப்பில் மாட்டியிருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸின் நுனியை இழுத்தெடுங்கள். கீழே ஒரு பழந்துணி போடுங்கள், கொஞ்சம் ஊற்றும். நுனியை ஒரு 10 லீற்றர் வாளிக்குள் விட்டு, வாளியைச் சிங்கின் அடிப்பகுதி உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வையுங்கள். மெஷினின் அடியில் 3 லீற்றர் சுத்தமான தண்ணீர் ஊற்றி, கதவை மூடி, கை ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் ஓட்டம் இரத்தாகி, தண்ணீர் வெளியேறும். ஒருவர் ஹோஸை இறுகப் பிடித்திருக்கட்டும், இல்லாவிட்டால் அது துள்ளிக் குசினி முழுக்க நனைத்துவிடும்.

அரை நிமிடம் அளவில் தண்ணீர் பலமாக வாளிக்கு வந்து விழுந்தால் பம்பில் குறையில்லை, அதை மாற்றுவது வீண் செலவு. அடைப்பு சிங்க் பக்கத்தில். ஹோஸ் செருகப்படும் அந்தச் சிறு குழாய் முனைதான் முதல் சந்தேகத்துக்குரியது. அதன் துளை ஒடுக்கமானது, உள்ளே கொழுப்புப் பசை வளையமாகப் படியும். போத்தல் கழுவும் பிரஷ்ஷால் குடைந்தெடுங்கள். அதற்குக் கீழே வளைந்த பைப்பையும் கழற்றிக் கழுவுங்கள். பிறகு சிங்கைத் தண்ணீரால் நிரப்பி அடைப்பானை எடுத்துப் பாருங்கள். களக்களக்கென்று சத்தம் போட்டு மெதுவாக இறங்கினால் அடைப்பு இன்னும் உள்ளே, சுவருக்குள் போகும் பைப்பில் இருக்கிறது. அது பிளம்பரின் வேலை. தொடர்மாடியின் பொதுக் குழாய் அடைபட்டிருந்தால் மேல்தளத்தில் இருக்கும் உங்களுக்கு அது கடைசியாகத்தான் தெரியும், கீழ்வீட்டார் அதற்கு முதலே வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். அடைப்பு நீக்கும் கோஸ்டிக் தூளை எக்காரணம் கொண்டும் டிஷ்வொஷருக்குள் போடாதீர்கள்.

ஹோஸைத் திரும்ப மாட்டும்போது அது சிங்கின் அடித்தட்டு வரை மேலேறி வளைந்து இறங்கட்டும். வளைவின் உச்சி தரையிலிருந்து 40 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, ஒரு மீற்றருக்கு மேல் போகவும் கூடாது. தாழ்வாகக் கிடந்தால் சிங்கில் கழுவும் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரும். உங்கள் மஞ்சள் தண்ணீரில் ஒரு பங்கு இப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் ஹோஸ் மடிந்து நசுங்குவதும் அடிக்கடி நடப்பது, டோர்ச் அடித்துப் பாருங்கள்.

வாளிக்கும் தண்ணீர் வரவில்லையா? சத்தத்தைக் கேளுங்கள். ‘உம்ம்’ என்று மட்டும் முனகினால் பம்பின் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது. மறுபடி பிளக்கைக் கழற்றி, தண்ணீரை இறைத்து, பில்டர் குழிக்குள் பாருங்கள். பல மெஷின்களில் ஒரு பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கரண்டிக் காம்பால் நெம்பினால் விசிறி தெரியும். எலும்பு, முள், எலுமிச்சை விதை, உடைந்த கண்ணாடி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கண்ணாடி இருக்கக்கூடும் என்பதால் வெறும் விரலை விடாதீர்கள். விசிறியைக் குச்சியால் திருப்பும்போது அது வழுக்கிச் சுழலாமல் விட்டுவிட்டு இழுத்து நகர்ந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் நகரும். அந்த இழுவையே இல்லாமல் தளதளவென்று ஆடினால் விசிறி தண்டிலிருந்து விட்டுப்போயிருக்கலாம். சத்தமே வராவிட்டால் பம்பின் சுருள், வயர், கொன்ட்ரோல் போர்ட் மூன்றில் ஒன்று. அங்கே மீட்டர் வைத்துப் பார்க்கத்தான் டெக்னீஷியன் வேண்டும். பம்பை மாற்றச் சொன்னவர் மீட்டர் வைத்தாரா என்று கேளுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தை முழுதாகப் படமெடுத்து அனுப்புங்கள், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பம்புகளின் பூட்டும் வாய் வேறுபடும்.

மெஷின் அணைந்திருந்தும் கதவு திறந்திருந்தும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் அது அடைப்பல்ல, கசிவு. அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை சுவிட்ச் உயர்ந்திருக்கிறது. பொஷ்ஷில் இதற்கு ஈ15 வரும். மெஷினைச் சரித்து அந்தத் தண்ணீரை ஊற்றினால் எரர் போகும், கசிவு போகாது. குழாயை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கையால் கழுவும் சோப்புத் திரவத்தை யாராவது உள்ளே ஊற்றி நுரை பொங்கியிருந்தாலும் இதுவே நடக்கலாம்.

கடைசியில் உப்பு. கடினத் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி வேலை செய்யத்தான் அது தேவை. கொழும்பு நகரின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டு அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. அது மென்மையான தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீருக்குத் தேவையான உப்பு அதற்குத் தேவையில்லை. கையேட்டைப் பார்த்து நீர்க் கடினத்தன்மையை ஆகக் குறைந்த எண்ணுக்கு மாற்றுங்கள், பல மெஷின்களில் விளக்கும் அதோடு அணையும். உங்கள் தொடர்மாடிக்குக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் வருகிறதென்றால் மட்டும் கடினத்தன்மையைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். அப்போதும் டிஷ்வொஷருக்கென்று விற்கும் உப்புத்தான். அயடீன் கலந்த சமையல் தூளுப்பைக் கொட்டினால் மென்மையாக்கும் பகுதி அடைத்துக்கொள்ளும்.